சாப்பாட்டு மேசை ஓட்டுகள்

செப்டம்பர் 27

பிரஷர் 136/84. தினமும் பார்த்து எழுதிவைக்கச் சொல்லி டாக்டர் உத்தரவு. வெறும் எண்ணை எழுதிவிட்டு மீதிப் பக்கத்தைக் காலியாக விட எனக்கு மனம் வராது. கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவிலேயே ஆயுள் கழிந்தவன். கட்டத்தைப் பார்த்தால் நிரப்பத்தான் கை போகும்.

இன்று தபாலில் வாக்குச்சீட்டுகள் வந்தன. தணிகாசலத்துக்கு ஒன்று, மரகதத்துக்கு ஒன்று. சாப்பாட்டு மேசையைத் துடைத்து, கறுப்புப் பேனா எடுத்துவந்து, இரண்டையும் நானே நிரப்பினேன். தபால் ஓட்டு வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் இதுதான் வழக்கம். ஜனாதிபதியில் ஆரம்பித்து நூலக வாரியம் வரை நீளும் பெயர்களை எல்லாம் படிக்க, நர்சிங் ஹோமில் நாள் முழுக்க நிற்கிற மரகதத்துக்கு ஏது நேரம். உறை மேல் கையெழுத்து மட்டும் போடுவாள். வேலைக்குப் போகிற வழியில் டவுன் ஆபீஸில் கொடுத்துவிடுவாள்.

அப்படியே தண்ணீர் பில்லையும் நேரில் கட்டிவிட்டு வருகிறேன் என்றாள். போனிலேயே கட்டலாம் என்று ஒவ்வொரு தேர்தலின்போதும் சொல்கிறேன். கேட்பதில்லை. போனால் அரை மணி நேரம் ஆக்குவாள். சில பேரை மாற்றவே முடியாது.

இந்த முறை ரிபப்ளிகன் பக்கம் போட்டேன். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய நாள் முதல் டெமாக்ரட்டுக்குப் போட்டுவந்தவன். தொழிற்சாலையை மூடியபோது எங்கள் கேட்டுக்கு அவர்களில் ஒருவரும் வரவில்லை. அதை மறக்க நான் தயாராக இல்லை. மரகதம் வேறு கணக்குச் சொல்கிறாள். "டிவியில வேட் கார்மன் புரோகிராம் பாக்க ஆரம்பிச்சதுலேந்து நீங்க மாறிட்டீங்க."

நான் மாறவில்லை. கட்சி மாறிவிட்டது.

அக்டோபர் 3

134/84. தோட்டத்து இலைகளை வாரினேன். கார்மன் இன்று எல்லையைப் பற்றிப் பேசினார். ஆள் கத்திப் பேசுவார், ஆனால் விஷயம் இருக்கிறது.

அக்டோபர் 12

சரஸ்வதி பூஜை. புத்தகங்களை அடுக்கிப் பொட்டு வைத்தாயிற்று. இன்று எதையும் படிக்கக் கூடாது. டிவிக்கு அந்த விதி கிடையாது என்று சொன்னேன். மரகதம் சிரிக்கவில்லை.

சாப்பாட்டுக்கு நாகேந்திரம் வந்தான். யாழ்ப்பாணத்துக்காரன். எங்கள் ஊரில் அரிசியும் மீனும் கறிவேப்பிலையும் விற்கிற ஒரே கடை அவனுடையது. என்னை அண்ணை என்றும் மரகதத்தை அக்கா என்றும் கூப்பிடுவான், வாய்வார்த்தைக்கு இல்லை, நிஜமாகவே. அவன் மகள் தர்சிகாவுக்கு ஜனவரி 26-ம் தேதி டொராண்டோவில் கல்யாணம். பெண் அங்கேதான் வேலை பார்க்கிறாள். மனைவி சிவகௌரி ஆகஸ்டிலேயே போய், மண்டபம், புடவை என்று அலைந்துகொண்டிருக்கிறாள். பாலத்தைத் தாண்டினால் கனடா, ஆனாலும் இவன் கடையை விட்டு நகர முடியாமல் தனியாகக் கிடக்கிறான்.

சாப்பிட்டுக்கொண்டே பெரிய ஹாஸ்யம் சொல்கிறவனைப் போல ஆரம்பித்தான். "அண்ணை, சிவகௌரியின்ர ஓட்டு வீட்டுக்கு வந்து கிடந்தது. அவள் தை மாதம் வரைக்கும் அங்கதானே. வீணாப் போகக் கூடாதெண்டு நானே நிரப்பி, கையெழுத்தையும் நானே வைச்சு அனுப்பிப்போட்டன்."

"யாருக்குப்பா போட்டே?"

"உங்கட ஆளுக்குத்தான். ரெண்டு ஓட்டும். முந்தி நானும் மற்றப் பக்கம்தான், இப்ப கடை நடத்துறவனுக்கு அவையளால என்ன பிரயோசனம்?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மரகதம் கரண்டியைக் கீழே வைத்தாள். "சிவகௌரிகிட்ட கேட்டீங்களா தம்பி?"

"அவளிட்ட என்னத்தைக் கேக்கிறது அக்கா. ஒரு வீட்டுக்கு ஒரு ஓட்டுத்தானே."

மரகதம் ரசம் எடுக்க உள்ளே போனாள். வர நேரமாயிற்று.

அக்டோபர் 15

கார்மன் நிகழ்ச்சியிலிருந்து போன். ஏன் பக்கம் மாறினேன் என்று போன மாதம் அவர்களுக்கு நீளமாக எழுதியிருந்தேன். வியாழக்கிழமை ஸ்டுடியோவுக்கு வரச் சொல்கிறார்கள். மரகதத்திடம் நீலச் சட்டையை இஸ்திரி போடச் சொன்னேன். பிரஷர் பார்க்க மறந்துவிட்டது.

அக்டோபர் 17

148/90. காபியால் இருக்கும்.

ஸ்டுடியோ நான் நினைத்ததைவிடச் சின்னது. கார்மன் நேரில் குள்ளம், நல்ல மரியாதை. என்னை 'டான்' என்று கூப்பிட்டார். தணிகாசலம் அவர் வாயில் நுழையவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. தொழிற்சாலை மூடியதைச் சொன்னேன். இன்சூரன்ஸ் போனதைச் சொன்னேன். யூனியன் தலைவர் போனை எடுக்காததைச் சொன்னேன். என்னைப் போன்றவர்கள் ஏன் இடம் மாறுகிறோம் என்று பொறுமையாக விளக்கினேன். தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

பிறகு தபால் ஓட்டு பாதுகாப்பானதா என்று கேட்டார். பேச்சு சற்று மந்தமாகிவிட்டதாக எனக்கும் பட்டது. அதனால் நாகேந்திரம் கதையைச் சொன்னேன், வேடிக்கையாகத்தான். பெயர் சொல்லவில்லை. இலங்கைக்காரர், நம் ஊரில் மளிகைக் கடை வைத்திருக்கிறார் என்று மட்டும் சொன்னேன். கார்மன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "அந்த ஓட்டுகள் எந்தப் பக்கம் போயிருக்கும் என்று நேயர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை" என்றார்.

அது தப்பு என்று எனக்குத் தெரியும். திருத்தியிருக்கலாம். விளம்பர இடைவேளை வந்துவிட்டது. இடைவேளைக்குப் பிறகு வேறு விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

வெளியே வரும்போது ஒருவர் கை கொடுத்து, தைரியமான மனிதர் என்றார்.

அக்டோபர் 18

என் பேச்சை வெட்டித்தான் ஒளிபரப்பியிருக்கிறார்கள். தொழிற்சாலை போய்விட்டது. இன்சூரன்ஸ் போய்விட்டது. யூனியன் தலைவர் போய்விட்டார். ஓட்டுக் கதை மட்டும் ஓடுகிறது. அதை நாடு முழுக்கப் பார்க்கிற பெரிய சேனலும் எடுத்துப் போட்டுவிட்டது. 'வெளிநாட்டவர் கடையில் ஓட்டு வியாபாரம்' என்று கீழே எழுத்து ஓடியது. நான் வியாபாரம் என்ற வார்த்தையையே சொல்லவில்லை.

முழுப் பேச்சையும் போடச் சொல்லி நிகழ்ச்சிக்குப் போன் செய்தேன். எடுத்த பெண், நேயர்கள் உங்களை மிகவும் விரும்புகிறார்கள் டான் என்றாள்.

தமிழ்ச் சங்க வாட்ஸப் குழுவில் காலையிலிருந்து ஒரு செய்தியும் இல்லை. சாதாரணமாகக் காலை வணக்கமே முப்பது பேர் போடுவார்கள்.

அக்டோபர் 19

நாகேந்திரம் போன் செய்தான். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

"அண்ணை, உங்கட வீட்டில சாப்பிட்டுக்கொண்டு சிரிச்சுக் கதைச்சது அது. அதைக் கொண்டுபோய் ரீவியில சொல்லுவியள் எண்டு நான் நினைக்கேல்லை."

"உன் பேரைச் சொல்லலையேப்பா."

"இந்த ஊரில எத்தினை இலங்கைக் கடை இருக்குது அண்ணை?"

கடைக் கண்ணாடியில் யாரோ முட்டை அடித்திருக்கிறார்களாம். கழுவிவிட்டதாகச் சொன்னான்.

அக்டோபர் 24

151/94. மாநில விசாரணை அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்தார். காபி வேண்டாம் என்றுவிட்டார். நான் டிவியில் சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். பொய் சொல்ல முடியாதல்லவா. எனக்கும் நாகேந்திரத்துக்கும் என்ன உறவு என்று கேட்டார். தெரிந்தவர் என்றேன்.

மரகதம் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அதிகாரி போனதும், "தெரிஞ்சவரா?" என்று மட்டும் கேட்டாள்.

நவம்பர் 6

எங்கள் ஆள் ஜெயித்துவிட்டார். எதிர்பார்த்த அளவுக்கு மனம் குதிக்கவில்லை. தூக்கம் போதாது.

நவம்பர் 14

நாகேந்திரத்தின் மேல் வழக்குப் போட்டுவிட்டார்கள். கையெழுத்து பொருந்தவில்லை. சிவகௌரி ஆகஸ்டில் எல்லை தாண்டியது பதிவில் இருக்கிறது. ஜாமீன் கொடுத்து பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அடுத்த விசாரணை பிப்ரவரியில். கல்யாணம் ஜனவரியில்.

மரகதம் இதைச் சொல்லும்போது என்னைப் பார்க்காமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சிவகௌரியோடு தினமும் பேசுகிறாள் போலிருக்கிறது. "கல்யாணத்தைத் தள்ளிப் போடலாமே" என்றேன். பிப்ரவரி விசாரணையில் தண்டனை ஆகிவிட்டால் கனடா அப்புறம் அவனை உள்ளேயே விடாதாம். ஜனவரியில் நீதிபதி அனுமதித்தால்தான் உண்டு. அதற்குப் பிறகு எந்தத் தேதி வைத்தாலும் அவன் பாலத்துக்கு இந்தப் பக்கம்தான்.

இதெல்லாம் எனக்குத் தெரியாது. யாரும் எனக்குச் சொல்லவில்லை.

நவம்பர் 21

155/96. இன்னொரு சேனல் வந்தது, கார்மனுக்கு எதிர்ப் பக்கம். அந்த ஓட்டுகள் உண்மையில் யாருக்குப் போயின என்று நாகேந்திரத்தின் வக்கீல் வெளியே சொல்லிவிட்டார். அவ்வளவுதான், கார்மன் அந்தக் கதையை அப்படியே கைகழுவிவிட்டார். நேற்று வரை நாட்டுக்கே ஆபத்தாக இருந்த கடை இன்று அவர் வாயிலேயே வரவில்லை. இவர்கள் துள்ளிக் குதித்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

வந்த பெண் இனிமையாகப் பேசினாள். தவறான செய்திகளால் நான் ஏமாற்றப்பட்டதாக உணர்கிறேனா என்று மூன்று விதமாகக் கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது. நான் ஏமாறுகிற ஆள் இல்லை, தொழிற்சாலையை மூடியதைக் கேள் என்றேன். கேட்டாள். இரவு ஒளிபரப்பில் நான் கையை ஆட்டிக் கத்துவது மட்டும் இருந்தது, பின்னால் பாட்டு வைத்து. பிறகு நாகேந்திரத்தின் கடை. போன மாதம் கார்மன் காட்டிய அதே கண்ணாடி, அதே கோணம்.

இவர்களுக்கும் அவன் வேண்டாம், அவர்களுக்கும் அவன் வேண்டாம். இரண்டு பேருக்கும் அந்தக் கண்ணாடிதான் வேண்டும். இதை மரகதத்திடம் சொன்னேன். "உங்களுக்கு?" என்றாள்.

நவம்பர் 30

சங்கத்துப் பொங்கல் விழாவில் எப்போதும் ஒலிபெருக்கிப் பொறுப்பு எனக்குத்தான். இந்த வருடம் வேறு ஆளைப் போட்டிருக்கிறார்களாம். முதுகுவலிக்காரனுக்கு நல்லதுதான்.

டிசம்பர் 8

நாகேந்திரத்தின் வக்கீல் என்னை வரச் சொன்னார். வயதானவர், நிதானமாகப் பேசினார். கல்யாணத்துக்கு மூன்று நாள் போய்வர அனுமதி கேட்டு மனுப் போடப்போகிறார்கள். நீதிபதி கறாரானவர். வெளிநாட்டவர் சதி என்று டிவி கட்டிவிட்ட கதை அவர் காதிலும் விழுந்திருக்கும். அதை உடைக்க ஒரே வழி, கதையைச் சொன்ன ஆளே எழுதிக் கொடுப்பது: இது சதி இல்லை, இது எங்கள் வீடுகளில் ஒருவர் எல்லாருக்கும் உட்கார்ந்து நிரப்புகிற மூடப்பழக்கம், என் வீட்டிலும் அப்படித்தான் நடக்கிறது. ஜனவரி 9-ம் தேதிக்குள் நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும்.

"என் வீட்டிலும் என்பது அவசியமா?" என்று கேட்டேன்.

"அதுதான் முக்கியம். அது இல்லாவிட்டால் நீங்கள் வெறும் சாட்சி" என்றார்.

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

டிசம்பர் 13

158/98. யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவசரப்பட்டு எழுதிக் கொடுக்கிற விஷயமில்லை. கார்மன் நிகழ்ச்சியிலிருந்து மறுபடி போன். ஜனவரி பத்தாம் தேதி, 'பக்கம் மாறியவர்கள்' என்று தனி நிகழ்ச்சி. இந்த முறை தொழிற்சாலையைப் பற்றி முழுக்கப் பேசவிடுவார்களாம். ஓட்டு விஷயத்தில் என் வீடும் சேர்ந்தது என்று முந்தின நாள் எழுதிக் கொடுத்துவிட்டு, மறுநாள் எந்த முகத்தோடு அங்கே உட்காருவது.

டிசம்பர் 21

மரகதம் இன்று சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து கேட்டாள். "எழுதிக் குடுக்கப் போறீங்களா, இல்லையா?"

என் பயம் எனக்காக இல்லை என்பதை அவளுக்குப் புரியவைத்தேன். நான் நிரப்பினேன் என்றால் கையெழுத்துப் போட்டவள் அவள். அவளையும் இழுப்பார்கள். நர்ஸ் லைசென்ஸ் போகும். ஒரு புருஷன் இதையெல்லாம் யோசிக்க வேண்டாமா.

"என்னைப் பத்திக் கவலைப்படாதீங்க. என் ஓட்டு எப்பவும் என்னோடதுதான்."

புரியவில்லை என்றேன்.

"நீங்க நிரப்பிக் குடுத்ததை டவுன் ஆபீஸ்ல குடுத்து, தப்பாப் போட்டுட்டேன், வேற தாங்கன்னு கேப்பேன். ரத்து பண்ணிட்டுப் புதுசு தருவாங்க. அங்கயே ஓரமா உக்காந்து நானே நிரப்பிக் குடுத்துட்டு வருவேன். ஒவ்வொரு தடவையும்."

"தண்ணி பில்லு?"

"தண்ணி பில்லு ரெண்டு நிமிஷம்."

எந்த வருடத்திலிருந்து என்று கேட்டேன். முதல் தடவையிலிருந்தே என்றாள். அப்போதெல்லாம் நான் போட்ட ஆளுக்கேதான் அவளும் போட்டாளாம். "அதே ஆளுதான். ஆனா நான் போட்டேன்."

"இந்த வருஷம் யாருக்குப் போட்டே?"

"அது உங்களுக்கு எதுக்கு?" எழுந்து தட்டை எடுத்தாள். "எனக்கு ஒண்ணும் ஆகாது. அந்தச் சாக்கு இல்லாமப் போய்ட்டுது. இப்ப எழுதிக் குடுங்க."

டிசம்பர் 22

162/100. என் முதுகுக்குப் பின்னால், இத்தனை வருடம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

டிசம்பர் 25

வீட்டில் பேச்சு இல்லை. தெருவில் எல்லா வீட்டிலும் விளக்கு. மதியம் உப்புமா.

ஜனவரி 4

மரகதம் கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்னாலேயே போகிறாள், சிவகௌரிக்கு ஒத்தாசையாக. நர்சிங் ஹோமில் லீவு சொல்லியாயிற்றாம். எனக்கு அழைப்பு வந்ததா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஜனவரி 9

வக்கீல் சொன்ன கடைசி நாள். இரவெல்லாம் பனி. காலையில் கார் ஸ்டார்ட் ஆகவில்லை, பேட்டரியாக இருக்கும். வக்கீல் ஆபீஸ் நாலு மணிக்கு மூடிவிடுவார்கள்.

மாலை பிரஷர் மாத்திரை வாங்க மட்டும் போய்வந்தேன்.

ஜனவரி 10

நிகழ்ச்சிக்குப் போனேன். தொழிற்சாலையைப் பற்றி நாலு வாக்கியம் பேசினேன். மற்ற மூன்று பேர் நிறையப் பேசினார்கள். கார்மன் இந்த முறை என்னை 'டேவ்' என்று கூப்பிட்டார்.

ஜனவரி 12

மரகதம் பஸ்ஸில் போனாள். நான் ஸ்டேஷனில் கொண்டுவிட்டேன். பெரிய பெட்டியை எடுத்துக்கொண்டாள். கல்யாணப் புடவைகளுக்கு இடம் வேண்டும்.

ஜனவரி 16

மனுத் தள்ளுபடி. வக்கீலின் ஆபீஸிலிருந்து எனக்கு ஒரு வரியில் தகவல் அனுப்பியிருந்தார்கள். எனக்கு எதற்கு அனுப்பினார்கள் என்று தெரியவில்லை.

என் தாள் ஒன்று இருந்திருந்தாலும் அந்த நீதிபதி மறுத்துத்தான் இருப்பார். கறாரானவர் என்று வக்கீலே சொன்னாரே.

ஜனவரி 26

வெந்தயம் தீர்ந்துவிட்டது. அதற்காகத்தான் கடைக்குப் போனேன். ஞாயிறு, அதுவும் இன்று, கடை திறந்திருக்காது என்றுதான் நினைத்தேன். திறந்திருந்தது.

நாகேந்திரம் பட்டு வேட்டியும் சட்டையும் உடுத்தி, மேலே குளிருக்குக் கறுப்பு ஜாக்கெட் போட்டு, கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். நெற்றியில் விபூதி, சந்தனம். போனை ஒரு பால் பவுடர் டின்னில் சாய்த்துவைத்திருந்தான். அதில் மணவறை தெரிந்தது. கடையில் வேறு யாரும் இல்லை. எனக்குத் திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது. அவன் பார்த்துவிட்டான்.

"வாங்கோ அண்ணை. தாலி கட்டப் போகினம். நில்லுங்கோ."

நின்றேன். "கடையைப் பூட்டியிருக்கலாமே" என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"பூட்டினா வீட்டில தனிய இருந்தெல்லோ பாக்கோணும்."

திரையில் தர்சிகா தலை குனிந்திருந்தாள். அப்பா நிற்க வேண்டிய இடத்தில் சிவகௌரியின் தம்பி நின்றார். பின்னால் தட்டோடு மரகதம். பச்சைப் புடவை. நான் பார்த்திராத புடவை. அவள் காமிராப் பக்கம் திரும்பவே இல்லை.

மேளம் உச்சத்துக்குப் போனது. நாகேந்திரம் ஜாக்கெட்டைக் கழற்றினான். குனிந்து, கீழே திறந்து வைத்திருந்த அரிசி மூட்டையில் கையை விட்டு ஒரு பிடி எடுத்தான். இன்னொரு பிடி எடுத்து என் கையில் கொட்டினான். "நீங்களும் போடுங்கோ. உங்கட கையில வளர்ந்த பிள்ளைதானே."

போன் மேல் இரண்டு பேரும் அரிசியைப் போட்டோம். அரிசி பட்டுப் போன் சரிந்து விழுந்தது. அவன் நிமிர்த்தி வைப்பதற்குள் தாலி கட்டி முடிந்திருந்தது. எல்லாரும் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தார்கள். அவன் அந்தத் திரையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். எனக்கு அவன் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி உள்ளே வந்து இஞ்சி எங்கே என்று கேட்டாள். இடத்தைக் காட்டினான். திரும்பி வந்து, கல்லாவில் கிடந்த அரிசியைக் கையாலேயே ஒதுக்கி எடுத்துவிட்டு, என்னிடம் கேட்டான்.

"வேற என்ன வேணும்?"

அண்ணை என்று சொல்லவில்லை. வெந்தயம் என்றேன்.

பிப்ரவரி 20

தண்டனை சிறை இல்லை, இரண்டு வருடக் கண்காணிப்பு. நல்ல வேளை. கனடா கதவு மட்டும் சாத்திவிட்டது. சிவகௌரி இங்கே வருகிறாளா, அங்கேயே இருக்கிறாளா என்று மரகதத்துக்கும் தெரியவில்லையாம். கேட்காமலே தன் கையெழுத்தைப் போட்டவனோடு என்ன பேசுவது என்று சிவகௌரி கேட்டாளாம். மரகதம் லீவை நீட்டியிருக்கிறாள்.

மார்ச் 28

பிரஷர் பார்க்கவில்லை. கருவியில் பேட்டரி தீர்ந்துவிட்டது. புதிது எந்த அலமாரியில் இருக்கிறது என்று மரகதத்துக்குத்தான் தெரியும்.

தபாலில் மே மாதப் பள்ளி வாரியத் தேர்தலுக்கான வாக்குச்சீட்டுகள் வந்தன. தணிகாசலத்துக்கு ஒன்று, மரகதத்துக்கு ஒன்று. மேசையைத் துடைத்தேன். பேனாவை எடுத்துவைத்தேன். இரண்டு உறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். ரொட்டியும் ஊறுகாயும்.

சாப்பிட்டு முடித்து மரகதத்துக்குப் போன் செய்தேன். உன் சீட்டு வந்திருக்கிறது, திறக்கவில்லை என்றேன்.

"சரி. அப்படியே இருக்கட்டும்."

"டவுன் ஆபீஸ்ல குடுக்கணுமே. நீ எப்ப வர்றே?"

ஏதோ சொன்னாள். நீளமான பதில் இல்லை. டிவி ஓடிக்கொண்டிருந்ததால் எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை. சத்தத்தைக் குறைத்துவிட்டு மறுபடி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.